ஏழாம் கட்டில் மருந்து

என் மகள் பிள்ளை பெற்று இன்று பதினோராம் நாள். கட்டிலோரத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தல் நிற்கிறது. அதில் எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி என்று கோடு போட்டிருக்கிறார்கள். அந்தந்த நேரத்துக்கு அந்தக் கோடு வரை தண்ணீர் இறங்கியிருக்க வேண்டுமாம். மறந்துபோனால் கைபேசி கூவி நினைவுபடுத்தும். பிள்ளை பெற்றவளைத் தண்ணீர் குடி என்று ஒரு கருவி அதட்டுவதை, அதுவும் எங்கள் கல்முனையில் இருந்துகொண்டு, நான் பார்ப்பேன் என்று நினைக்கவேயில்லை. முதல் தடவை அது கூவியபோது நான் சிரித்த சிரிப்பில் பேரன் விழித்துவிட்டான். மகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சமையலறையில் காயம் கொதிக்கிற மணம். காயம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, கொத்தமல்லி, மிளகு, சீரகம், உள்ளிப்பூண்டு எல்லாம் அரைத்து, பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாளும் கொடுக்கிற எங்கள் ஊர்க் குழம்பு. இப்போது தூளாகப் பக்கற்றில் வருகிறது. மணம் மட்டும் மாறவில்லை. அது மூக்கில் ஏறினால் நான் நேரே மகப்பேற்று வாட்டில் போய் நிற்பேன். இருபத்துநாலு வயதுத் தாதி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, உலகத்தைத் திருத்த வந்த முகம்.

அந்த வாட்டில் பார்வையாளர் நேரம் தொடங்கினால் வாசலால் முதலில் வருவது ஆட்கள் அல்ல, இந்த மணம்தான். பின்னால் கெரியர்களைத் தூக்கிக்கொண்டு உம்மாமார் வருவார்கள். காயக் குழம்பு, பால்சுறா மீன் வறை, சுடச்சுடச் சோறு. தண்ணீர் மட்டும் ஒரு துளி வராது. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு வைத்துவிடும், உடம்பு ஊதிவிடும் என்பது ஊர்ச் சட்டம். நான் ஒவ்வொரு கட்டிலாகப் போய்த் தண்ணீரின் பெருமை பேசுவேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்பார்கள். நான் திரும்பியதும் கிளாஸைக் கவிழ்த்து வைப்பார்கள்.

ஏழாம் கட்டிலில் றஸீனா. சத்திரசிகிச்சை செய்து எடுத்த முதல் பிள்ளை. மூன்றாம் நாள் அவளுடைய உதடு வெடித்திருந்தது, பால் சரியாக இறங்கவில்லை, பிள்ளை அழுது அழுது சோர்ந்துகொண்டு வந்தது. நாளைக்கும் இப்படியென்றால் பிள்ளையைப் பிரித்தெடுத்து சேலைன் ஏற்றவேண்டி வரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் றஸீனாவின் உம்மாவிடம் போனேன். ஒல்லியான மனுசி, கண் மட்டும் பெரிது.

“வெட்டின வவுத்துக்குள்ள தண்ணி போனா புண் ஆறுமா மிஸ்ஸி? குடுக்கப்படா,” என்றார்.

றஸீனா உம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். கெஞ்சினேன், படம் வரைந்து காட்டினேன், கோபித்தும் பார்த்தேன். நான் பேசினால் மனம் மாறாத ஆளில்லை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த நினைப்புப் போயிற்று.

அடுத்து நான் செய்த வேலையை எந்தப் பாடப்புத்தகத்திலும் தேடாதீர்கள். வெறுமையாய்க் கிடந்த கபில நிற மருந்துப் போத்தல் ஒன்றை எடுத்து நன்றாக அவித்தேன். கொதித்து ஆறிய தண்ணீரில் இரண்டு சிட்டிகை கொத்தமல்லி, ஒரு துண்டு இஞ்சி. வடித்து ஊற்றி, லேபல் ஒட்டி, ‘மணித்தியாலத்துக்கு ஒரு கிளாஸ்’ என்று எழுதினேன். கைக்கு வராத டொக்டர் எழுத்தையும் கொஞ்சம் வரவழைத்தேன்.

“இது தையல் ஆறுற மருந்து. ஒரு நேரம் விட்டாலும் தையல் இளகிப் போகும்.”

உம்மா மூடியைத் திறந்து மணந்தார். போத்தலைப் பார்த்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கசக்குமா?”

“சரியாக் கசக்கும்.”

“அப்ப நல்ல மருந்துதான்,” என்று கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். றஸீனா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வேப்பெண்ணெய் குடித்தவள்போல் முகத்தைச் சுளித்தாள். கெட்டிக்காரி.

மறுநாள் பின்னேரம் பால் இறங்கியது. பிள்ளை வயிறு நிறையக் குடித்து உம்மம்மாவின் சாரியை நனைத்தது. நான் மருந்து அறைக்குள் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தேன். அதோடு முடிந்திருந்தால் நல்லது. மற்றக் கட்டில்காரர்களும் ஏழாம் கட்டில் மருந்து கேட்கத் தொடங்கினார்கள். விசயம் வாட்டு சிஸ்டரின் காதுக்குப் போயிற்று. திருக்கோவில் ஊர்ப் பக்கத்து மனுசி, சிரித்து யாரும் கண்டதில்லை. போத்தலை வாங்கி ஒரு மிடறு குடித்தார். வேலை போயிற்று என்று நான் நின்றேன்.

“மல்லி கூடிப்போச்சு,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாலு வருசம் கழித்து என் முறை வந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்திருப்பார், அந்த வீட்டில் மாமியின் பேச்சுத்தான் சட்டம். என் உம்மா தண்ணீர்க் குடத்தையே அறைக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டார். ஒரு வாட்டுக்கே பாடம் நடத்திய நான் வாயைத் திறக்கவில்லை. உம்மாவுக்கு அவ்வளவு பயம். என் கணவர் கட்டியிருந்த சாரனுக்குள் சோடாப் போத்தலை ஒளித்துக்கொண்டு வந்து, கதவடியில் பிடிபட்டு, தனக்குத் தாகம் என்று சொல்லி அங்கேயே நின்று முழுவதையும் குடிக்கவேண்டி வந்தது.

ஐந்தாம் நாள் பிள்ளை பார்க்க றஸீனாவின் உம்மா வந்தார். முந்தானைக்குள்ளிருந்து எடுத்தார் அந்தக் கபிலப் போத்தலை. லேபலில் என் கையெழுத்து. வாட்டிலிருந்து போகும்போது எடுத்துப் போயிருக்கிறார்.

“ஆஸ்பத்திரி மருந்து. மணித்தியாலத்துக்கு ஒரு கிளாஸ். என்ட மகளுக்குக் குடுத்துத்தான் ஆறின,” என்றார் என் உம்மாவிடம். கண்ணிமைக்கவில்லை.

உம்மா மணந்து பார்த்தார். “கசக்குமா?”

நான் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தேன். றஸீனாவிடம் கற்றது. வறண்ட தொண்டையால் அது இறங்கிய சுகத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. உம்மா தேநீர் ஊற்றப் போனதும், “அப்பவே தெரியுமா உங்களுக்கு?” என்று மெல்லக் கேட்டேன்.

“தண்ணியத் தெரியாமலா மிஸ்ஸி நாலு பெத்தன்? அண்டைக்கு நான் தண்ணி குடுத்திருந்தா என்ட மூத்த ராத்தாமார் என்னைக் கிழிச்சிரிப்பாங்க. மருந்தெண்டா ஆரும் கதைக்கேலா.”

நாற்பது முடிந்ததும் போத்தலைத் தேடினேன். என் உம்மா அதைப் பக்கத்து வீட்டு மருமகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார், மணித்தியாலத்துக்கு ஒரு கிளாஸ் என்று சொல்லி. அதன்பிறகு அது எந்தெந்த வீட்டுக்குப் போயிற்றோ தெரியாது. பிறகுதான் எனக்கு உறைத்தது: கசக்குமா என்று கேட்ட ஒருவரும், என் உம்மாகூட, அதை நாக்கில் வைத்துப் பார்க்கவேயில்லை.

அந்தப் போத்தல் இப்போது எங்கும் இல்லை. என் உம்மாவும் இல்லை. போன நோன்புக்கு முன் றஸீனாவின் உம்மாவும் மௌத்தாகிவிட்டார். போய் முகம் பார்த்தேன், நிற்க முடியாமல் வந்துவிட்டேன். இன்றைக்குத் தண்ணீர் கொடுக்க ஒருவரும் பொய் சொல்லத் தேவையில்லை. நல்லதுதான், நான் ஆசைப்பட்டதும் இதைத்தான். இருந்தாலும் அந்தக் கள்ளக் கூட்டத்தை நினைத்தால் மனம் கிடந்து அடிக்கிறது.

இப்போது மறுபடியும் கைபேசி கூவுகிறது. மகள் போத்தலை எடுத்துப் பன்னிரண்டு மணிக் கோடு வரை குடிக்கிறாள்.

“கசக்குதா?” என்று கேட்டேன்.

“தண்ணி எப்பிடி உம்மா கசக்கும்?” என்றாள்.

றஸீனாவின் உம்மா பக்கத்தில் இருந்திருந்தால் அவளுக்கு முகத்தைச் சுளித்துக் காட்டியிருப்பார்.