தினமும் கிரீஸ் வைத்தவர்

பேரிங் விற்கும் கம்பெனியில் சர்வீஸ் பார்ப்பது என் வேலை. எந்திரம் எங்கே சூடாகிறதோ, எங்கே கரகரக்கிறதோ, அங்கே கூப்பிடுவார்கள். திண்டிவனத்தில் தனியாக வீடு எடுத்திருக்கிறேன். நாற்பது வயதுப் பெண் தனியாக இருப்பதைப் பற்றிக் கேட்பதைக்கூட அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டார்கள்.

போன அறுவடையின்போது விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு அரிசி ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. நெல் காயவைக்கும் டிரையருக்குக் காற்று ஊதும் புளோயரில் புது பேரிங் போட்டும் ஒரு மாதம் தாங்கவில்லை. மாற்றிய அடுத்ததும் அப்படியே போய்விட்டது. சரக்கே மட்டம் என்று முதலாளி போனிலேயே கத்தினார்.

நான் போனபோது புளோயர் ஓடிக்கொண்டிருந்தது. பேரிங் உட்கார்ந்திருக்கும் இரும்புக் கூட்டின் மேல் கை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டேன். நிறுத்தி, ஆறவிட்டு, மூடியைத் திறந்தால் உள்ளே இண்டு இடுக்கில்லாமல் கிரீஸ் அடைத்திருந்தது. கருகிய வாடை. பேரிங்கின் குண்டுகள் பழுப்பேறி, அவை ஓடும் தடம் சொரசொரத்துக் கிடந்தது.

"யாருங்க கிரீஸ் வெக்கிறது?"

"நாந்தான் மேடம்." சொன்னவர் ஆபரேட்டர், பக்கத்துக் கெடார் ஊர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். "தெனம் காலையில வந்ததும் வெச்சிக்கினு இருக்கேன். காஞ்சிடக் கூடாதுல்ல."

"தெனமுமா?"

"வூட்டுக்காரி போன வருசம் செத்துப் பூட்டா. புள்ளைங்க மெட்ராஸ்ல. வெள்ளனே எழுந்து நேரா இங்க வந்துடுவேன். சும்மா ஒக்காந்துகினு இருக்க முடியல."

கூட்டுக்குள் காலியாக இருக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு கிரீஸ் போதும் என்று சொன்னேன். நிரம்ப அடைத்தால் குண்டுகள் அதையே கடைந்து கடைந்து சூடேறும். அந்தச் சூட்டில் கிரீஸிலுள்ள எண்ணெய் பிரிந்து வழிந்துவிடும். கடைசியில் இரும்பும் இரும்பும் உரசும்.

கையிலிருந்த கிரீஸை வேட்டியில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நாந்தான் கெடுத்துட்டனா?"

"தெரியாமத்தான செஞ்சீங்க. இனிமே மாசத்துக்கு ஒருவாட்டி போதுங்க."

தலையாட்டினார்.

"அப்ப காலையில வந்து நான் இன்னா பண்றது மேடம்?"

ஞாயிற்றுக்கிழமைகளில் துவைத்த துணியையே எடுத்து மறுபடி துவைக்கிறவள் நான். தினமும் கை வைத்துச் சூடு பாருங்கள், காது கொடுத்துச் சத்தம் கேளுங்கள் என்றேன். அது வேண்டாத வேலையில்லை, செய்ய வேண்டியதுதான். ஆனாலும் அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்றுதான் சொன்னேன்.

புது பேரிங் போட்டு, அளவாகக் கிரீஸ் வைத்துக் காட்டினேன். முதலாளியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஆபரேட்டரைக் கொஞ்சம் திட்டினார், வேலையை விட்டு நீக்கவில்லை.

அடுத்த மாதம் ஆபரேட்டருக்கு நானே போன் செய்தேன்.

"நல்லா ஓடுது மேடம். கை வெச்சா சுடல. சத்தமும் இல்ல."

"சரிங்க."

இருவருமே போனை வைக்கவில்லை. மறுமுனையில் புளோயர் ஓடும் சத்தம் கேட்டது.

"வேற எதனா?" என்றார்.

"வேற ஒண்ணுமில்லங்க."

அப்புறம் அந்த ஆலையிலிருந்து அழைப்பே வரவில்லை. பேரிங் நன்றாக ஓடும் இடத்தில் எனக்கு வேலை கிடையாது. விழுப்புரம் போகும்போது விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் பஸ் ஜன்னலில் அந்த ஆலையின் புகைபோக்கி தெரியும். புகை வந்தால், ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். இறங்கிப் போய்ப் பார்த்ததில்லை.