எலை என்று வாசித்த பிள்ளைகளும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. முதலாண்டு நினைவு மலரில் அவரது வாழ்க்கையை யாராவது எழுத வேண்டும் என்று பேச்சு வந்தபோது அக்காவின் கணவரான மாமாவைத்தான் முதலில் கேட்டோம். மின்வாரியத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் அவர். "போஸ்ட்டு மரத்துல ஏறச் சொல்லுங்க, ஏறுறேன். இது நம்மால ஆகாதுப்பா" என்று சொல்லிவிட்டார். அதனால் தம்பியாகிய நான் எழுதுகிறேன். இப்படிப்பட்ட மலர்களில் மறைந்தவரின் நற்குணங்களை எழுதுவது வழக்கம். அக்காவிடம் அவை நிறையவே இருந்தன. ஆனால் அவற்றை மட்டும் எழுதி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை.

அக்கா பிறந்தது குடுமியான்மலைக்கு அருகே ஒரு சிற்றூரில். மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் கடலை, அதுவும் இல்லாவிட்டால் கூலி வேலை என்று ஓடிய குடும்பம். எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது அப்பா இறந்தார். அக்காவுக்கு அப்போது பதினேழு. அம்மாவோடு களை எடுக்கப் போய்க்கொண்டே பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார். பிறகு புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய் வந்து ஆசிரியர் பயிற்சி படித்தார். வேலை கிடைத்ததும் தனக்கென்று ஒரு நல்ல சேலைகூட எடுக்காமல் என்னைப் படிக்க வைத்தார். நான் கம்ப்யூட்டர் படித்தேன் என்றால் அது அக்காவின் படிப்பு. சென்னையில் எனக்கு வேலை கிடைத்த அன்று தெருவெல்லாம் போய், "எந் தம்பி மிஷினுக்கே பாடம் எழுதுறான்" என்று சொல்லிவிட்டு வந்தார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஒரு நாளும் சரியாக விளக்கியதில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், கேட்க நன்றாக இருந்தது.

அக்கா கடைசியாகத் தலைமையாசிரியராக இருந்தது பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியில். ஒரு தலைமையாசிரியர், ஓர் ஆசிரியை, முப்பது பிள்ளைகள். காலையில் இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் வேன் தெருவுக்குள் வந்து ஹாரன் அடிக்கும்போது அக்கா வாசலில் நின்று ஏறுகிற பிள்ளைகளை எண்ணுவார். வருடத்துக்கு நான்கைந்து பிள்ளைகள் அந்த வேனில் ஏறிவிடுவார்கள். "நம்ம பள்ளிக்கூடத்துலயும் என்னமோ இருக்குன்னு காட்டணும்டா. இல்லாட்டி பூட்டிருவாங்க. நீ ஏதாச்சும் செய்யேன்" என்று என்னிடம் சொன்னார். அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான்.

நான் உற்சாகமாகக் கிளம்பினேன். எங்கள் நிறுவனத்தில் அப்போது ஒரு வாசிப்புச் செயலி தயாராகியிருந்தது. பிள்ளை டேப்லெட்டைப் பார்த்துச் சத்தமாக வாசிக்க வேண்டும், மிஷின் கேட்கும். சரியாக வாசித்த சொல் பச்சையாகும், தவறினால் சிவப்பு. முடிவில் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று ஓர் அறிக்கை வரும். நண்பர்கள் சேர்ந்து பத்து டேப்லெட் வாங்கிக் கொடுத்தோம். பள்ளியில் விழா நடத்தி, சாக்லேட் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு நான் சென்னை திரும்பினேன்.

பத்து நாளில் அக்கா போன் செய்தார். "என்னடா இது, நல்லா வாசிக்கிற புள்ளைக்கெல்லாம் செவப்பு விழுகுது?"

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றாம் வகுப்பில் தர்ஷினி என்று ஒரு பிள்ளை. பள்ளியிலேயே நன்றாக வாசிப்பவள், காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது அவள்தான். அக்கா வீட்டுக்குப் பக்கத்துத் தெரு என்பதால் அழைத்து வரச் சொன்னார். டேப்லெட்டில் ஒரு மரத்தைப் பற்றிய பாடம். பிள்ளை கணீரென்று வாசித்தாள். எழுத்து இலை, அவள் வாய் எலை. எழுத்து உலகம், அவள் வாய் ஒலகம். குடம் கொடமானது, இடம் எடமானது. வரிக்கு ஒரு சிவப்பு. எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் வாசிப்போம், பொருளில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் மிஷின் கேட்டுப் பழகிய குரல்களில் எங்கள் ஊர்க் குரல் ஒன்றுகூட இல்லை. அக்கா டேப்லெட்டை வாங்கித் தானே ஒரு பக்கம் வாசித்தார். அவருக்கும் அதே சிவப்பு. விழுந்து விழுந்து சிரித்தார்.

"முப்பது வருசமா வாத்திச்சியா இருக்கேன். என்னையவே பெயிலாக்கிட்டான்டா ஒன் டப்பா."

அந்தச் சிரிப்போடு அதைத் தூக்கிப் பரணில் போட்டிருக்கலாம். நான்தான் விடவில்லை. "மிஷினு மாறாதுக்கா. புள்ளைங்கதான் மாத்திக்கணும். டவுனுக்குப் போனா இப்புடிப் பேசுனா சிரிப்பாங்கள்ல?" என்றேன். நானே சென்னைக்குப் போன முதல் வருடம் வாயைத் திறக்க வெட்கப்பட்டவன். அந்த வெட்கத்தைத்தான் பத்து டேப்லெட்டில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அக்கா டேப்லெட்டை மூடி வைத்தார். "நீ படிச்சவன், சொல்றே" என்றார். தம்பி சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு எப்போதும் உண்டு. அது எவ்வளவு பெரிய கேடு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

திங்கள் முதல் அக்கா பிள்ளைகளின் வாயைத் திருத்தத் தொடங்கினார். இலை சொல்லு, எலை இல்லை. உலகம் சொல்லு. பிள்ளைகள் ஒவ்வொரு சொல்லுக்கும் திரையைப் பார்த்துத் திரையைப் பார்த்து வாசித்தார்கள். "டீச்சர், எனக்குச் செவப்பு" என்று அழுதார்கள். அப்படி அழும்போதும் சிவப்பு என்று யாருக்கும் வரவில்லை. இரண்டு மாதத்தில் வகுப்பில் சத்தம் குறைந்துவிட்டது. தர்ஷினி உதட்டை மட்டும் அசைப்பாள். "குரல் கேட்கவில்லை, மீண்டும் முயற்சி செய்யவும்" என்று டேப்லெட் சொல்லும். காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கவும் வர மறுத்துவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

பெற்றோர் கூட்டத்தில் அறிக்கையைக் காட்ட வேண்டாம் என்றார் அக்கா. காட்டினால்தான் நம்புவார்கள் என்றேன் நான். தர்ஷினியின் அப்பா துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். மகளுக்கு நேரே 'தொடக்க நிலைக்கும் கீழ்' என்று இருந்ததைப் படித்தார்.

"அது தப்புங்க. புள்ளை நல்லா வாசிக்கும். நான் சொல்றேன்ல" என்றார் அக்கா.

"நீங்க நல்லதுக்குத்தான் சொல்வீங்க டீச்சர். மிஷினே சொல்லுதுல்ல" என்று அவர் எழுந்துவிட்டார். கோபப்படவில்லை. மகளை அடுத்த மாதமே வேனில் ஏற்றினார். அவர் தம்பி பிள்ளைகளும் போனார்கள். பார்த்து மற்றவர்களும் போனார்கள். இரண்டு வருடத்தில் பள்ளியை அடுத்த ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். வேன் பள்ளியிலும் தர்ஷினி பேசுவதில்லை, ஒரு வருடம் அதே வகுப்பிலேயே நிறுத்திவைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மாமா சொன்னார்.

அப்போதுதான் அக்கா என்னிடம் இரண்டாவது உதவி கேட்டார். "அந்த மிஷினுக்கு நம்ம பேச்சைச் சொல்லிக் குடுக்க முடியாதாடா?" நிறையக் குரல் வேண்டும் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அக்கா நிஜமாகவே போனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ரேஷன் கடை வரிசையில், நூறு நாள் வேலை நடக்கும் கண்மாயில், மகளிர் குழுக் கூட்டத்தில் என்று பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்து மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். "எங்களுக்குச் சொல்லிக் குடுத்து முடிச்சு இப்ப மிஷினுக்கா டீச்சர்?" என்று கேலி செய்துகொண்டே அவர்கள் வாசித்தார்கள். எழுத்துக் கூட்டவே வராத சிலர் அந்தச் சாக்கில் கூட்டக் கற்றுக்கொண்டார்கள். வயிற்றில் கட்டி என்று தெரிந்து மருத்துவமனைக்கு அலைந்த மாதங்களிலும் அவர் நிறுத்தவில்லை. எல்லாப் பதிவையும் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார்.

நான் அவற்றில் கொஞ்சத்தை அலுவலகத்தில் ஒருவருக்கு அனுப்பினேன். இந்த அளவு போதாது, இந்த வேலைக்கு இப்போது ஆளும் இல்லை, அனுப்பியதை அழித்துவிட்டேன் என்று பதில் வந்தது. நான் மறுபடி கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் என் போனில் இடம் இல்லை என்று காட்டியது. எது அதிக இடத்தை அடைத்திருக்கிறது என்று பார்த்தேன். அக்கா அனுப்பியவைதான். அழித்துவிட்டேன். அவர் போன் அதற்கு முன்பே பதிவுகளோடு கெட்டுப்போய் மாற்றியிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அழிக்காமல் இருந்திருப்பேன் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

கடைசி வாரம் தஞ்சாவூர் மருத்துவமனையில் அக்கா கேட்டார். "மிஷினு படிச்சிருச்சாடா?"

"வேலை நடக்குதுக்கா. எலைன்னு சொன்னா இப்பப் பச்சை விழுகுது" என்றேன்.

அக்காவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எழுத மாட்டேன். "அப்ப அந்தப் புள்ளைட்டப் போய்ச் சொல்லிரு" என்றார். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார்.

அக்காவை ஒரு வருடம் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டிய மாமாவுக்கும், மருத்துவமனைக்கு முறைவைத்துத் துணைக்கு வந்த பங்காளி வீட்டுப் பெண்களுக்கும், ரத்தம் கொடுத்த அவரது பழைய மாணவர்களுக்கும், இறுதி நாளன்று வேலைக்குப் போகாமல் வந்து நின்ற கண்மாய் வேலைப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் வாசித்துக் கொடுத்தது எதுவும் இப்போது எங்கேயும் இல்லை. அதற்குக் காரணம் நான்தான். அக்கா இல்லை.

போன வாரம் நினைவு நாளுக்கு அழைக்கத் தர்ஷினி வீட்டுக்குப் போனேன். வளர்ந்திருக்கிறாள். அவள் அம்மா காப்பி போட உள்ளே போயிருந்தார். "டீச்சர் ஒன்கிட்டச் சொல்லச் சொன்னாங்கம்மா. நீ வாசிச்சது எல்லாம் சரிதான்" என்றேன். மிஷினைப் பற்றிய பொய்யை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன். சட்டைப்பையைப் பார்த்தாள். போனை வெளியே கொண்டுபோய்ச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து மறுபடி சொன்னேன்.

"புள்ளை யாருட்டயும் பேசாதுங்க. காப்பியக் குடிங்க" என்றார் காப்பியோடு வந்த அவள் அம்மா.