அக்கா வீட்டுக் குவாலி, என் வீட்டு அடுப்பு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், தீபாவளி என்றால் எங்கள் மாடி முழுவதற்கும் முறுக்கு சுடுவது எதிர்வீட்டு அக்காதான். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். முட்டைகூட அந்த வீட்டு வாசல் தாண்டாது. என் அம்மா இறந்தபோது, எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவே விடாமல் மூன்று வேளையும் சோறு கொண்டுவந்தவர் அவர்.

போன வருஷம் அவருடைய கணவர் தவறிவிட்டார். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அக்கம்பக்கம்தான் பலகாரம் சுட்டுக் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு இருப்பது ஒரே மகள், அவளும் ஆஸ்திரேலியாவில். "நான் சுடுறேன்க்கா" என்றேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். இருக்கட்டுமே, எனக்குக் கை இல்லையா, அடுப்பு இல்லையா?

குவாலியில்தான், அந்த எண்ணெய்ச் சட்டியில்தான், சிக்கல் வந்தது. என் குவாலியில் பன்றி பொரித்திருக்கிறேன். ஒத்தாசைக்கு வந்த கீழ்வீட்டு மலாய்க்காரம்மா அதில் சுட்டதைத் தொடமாட்டார். அவருடைய குவாலியில் மாடு வெந்திருக்கிறது. அக்கா அதில் சுட்டதை வாயில் வைக்கமாட்டார். மூன்று பேருக்கும் ஆகிற குவாலி அக்கா வீட்டில் மட்டும்தான் இருந்தது. அவர் அடுப்பில்தானே வைக்கக் கூடாது? தூக்கிக்கொண்டு வந்து என் அடுப்பில் வைத்தேன். அக்காவும் கூடவே வந்து உட்கார்ந்தார். மலாய்க்காரம்மா முறுக்கு அச்சைப் பிடுங்கிக்கொண்டு, நான் பிழிவது மண்புழு மாதிரி இருக்கிறது என்று மலாயில் சொல்லி என்னை ஓரங்கட்டினார். மூன்று பேரும் சிரித்தோம். கணவர் போன பிறகு அக்கா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா கிள்ளானிலிருந்து அண்ணன் வர வேண்டும்! அவர் புதிதாக ஏதோ ஜெபக்கூட்டத்தில் சேர்ந்திருந்தார். அடுப்பைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"விக்கிரகப் பண்டிகைக்கு நீ பலகாரம் சுடுறியா?"

"ஆமா. சுடச்சுட இருக்கு, உக்காந்து சாப்பிடுங்க."

"இதெல்லாம் பாவம். இப்பவே நிறுத்து. இல்லன்னா கிறிஸ்மஸுக்கு உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு கிறிஸ்மஸ் என்றால் எனக்கு அண்ணன்தான். அவர் வந்து உட்கார்ந்தால்தான் அது பிறந்த வீட்டுச் சாப்பாடு. ஆனால் அடுத்த நொடியே கோபம் தலைக்கேறியது.

"இத்தனை வருஷமா இந்த அக்கா சுட்ட முறுக்க டின்னோட தூக்கிட்டுப் போய்த் தின்னீங்களே, அப்ப எங்க போச்சு உங்க பாவம்? துக்க வீட்டுக்குப் பலகாரம் சுடாதேன்னு ஏசு எங்க சொன்னாரு, காட்டுங்க பாப்போம்!"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மலாய்க்காரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. என்ன புரிந்ததோ, நிறுத்தாமல் பிழிந்துகொண்டே இருந்தார். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் கூப்பிடவில்லை.

கிறிஸ்மஸுக்கு அவர் வரவில்லை. காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அண்ணி போன் செய்தார். "ஒரு சாரி சொல்லிடு லா, உடனே கிளம்பி வந்துடுவாரு."

"எதுக்கு அண்ணி சாரி? தப்பு பண்ணியிருந்தா கால்லயே விழுவேன். இதுக்குச் சொல்ல மாட்டேன்."

போனை வைத்துவிட்டு அழுதேன். நன்றாகவே அழுதேன். மனசு மட்டும் மாறவில்லை.

மத்தியானம் அக்கா வந்தார். துக்க வருஷத்தில் அவர் எந்த விசேஷ வீட்டுக்கும் போனதில்லை. நான் வாய் திறப்பதற்குள், "என்ர பண்டிகைக்குத்தானே தடை. உன்ர பண்டிகைக்கு ஆர் தடை போட்டது?" என்று சொல்லிக்கொண்டே மேசையில் உட்கார்ந்தார். அவருக்கென்று தனியாகச் செய்த காய்கறி பிரியாணியைப் பரிமாறினேன். அண்ணன் உட்காரும் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்த்தவர் சாப்பிடாமல் கையை எடுத்துவிட்டார்.

"என்னாலதானே, பிள்ளை?"

"உங்களால இல்லக்கா, அவராலதான். சாப்பிடுங்க."