தலைதீபாவளிக்கு வந்த காலி லாரி

போன வாரம் எங்கள் லாரி ஆபீஸில் ஜி.பி.எஸ். மாட்டினார்கள். கம்ப்யூட்டரில் ஒரு பச்சைப் புள்ளி... அதுதான் வண்டியாம்! முதலாளி சேரை இழுத்துப் போட்டு, கிரிக்கெட் மேட்ச் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனசு மட்டும் பேச்சியம்மாள் அக்காவிடம் போய்விட்டது.

அப்போது நான் இங்கே புக்கிங் கிளார்க்காகச் சேர்ந்த புதுசு. வீட்டில் எல்லோரும் தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போனவர்கள். பள்ளிக்கூடம் பக்கம் போனது நான்தான். 'போனில் விவரமாகப் பேசுவான்' என்று வேலை கொடுத்தார்கள்.

பேசுவது யாரிடம்? டிரைவரிடம் ஏது செல்போன்! அவர் வழக்கமாக நிற்கும் டீக்கடை, பஞ்சர் கடை... அந்த நம்பர்கள்தான் எங்கள் டிராக்கிங்.

தீபாவளிக்கு முந்தின நாள். அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் டிரைவர் கருப்பசாமி அண்ணாச்சி, ஓசூருக்குக் கடைசிப் பட்டாசு லோடு கொண்டுபோயிருந்தார். வீட்டில் மகளுக்குத் தலைதீபாவளி. அக்கா ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, அவுக எங்கன வாராகன்னு கேளுங்க. மாமா வராம தலையில எண்ணெ வைக்க மாட்டேன்னு மாப்பிள்ளை ஒத்தக்கால்ல நிக்காரு. புள்ள அழுதுக்கிட்டு இருக்கு."

விடிவதற்குள் குளித்தாக வேண்டுமே! அண்ணாச்சியோ, ஒரு டீயை ஒரு மணி நேரம் குடிக்கிறவர். நின்ற இடத்திலெல்லாம் கச்சேரி.

சேலம் டயர் கடைக்குப் போன் போட்டேன். "வண்டி இன்னும் வரலையே" என்றார்கள். விஷயத்தைச் சொன்னேன். அவ்வளவுதான்... சேலம் நாமக்கல்லுக்குச் சொல்ல, நாமக்கல் கரூருக்குச் சொல்ல, கரூர் திண்டுக்கல்லுக்குச் சொல்லியிருக்கிறது.

இன்று நான் தபாலில் சப்ளை செயின் படிக்கிறேன். சரக்கு எங்கே வருகிறது என்று அறிவதற்கே ஒரு முழுப் பாடம் உண்டு. ஆனால், காலியாகத் திரும்பும் லாரிக்காக நாலு ஊர் வாசலில் வந்து நின்றதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது?

அண்ணாச்சி வீடு எங்கள் தெருதான். கிழக்கு வெளுக்கும் நேரத்தில் ஹாரன் சத்தம். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே நானும்.

அண்ணாச்சி இறங்கும்போதே பொருமினார்.

"ஏலே, என்னலே செஞ்சு வச்சிருக்க? நாமக்கல்ல கால் தரையில படலலே! 'எறங்காதீங்கண்ணா, மாப்பிள்ளை காத்துட்டு இருக்காராமா'ன்னு டீயை ஜன்னல் வழியா நீட்டுதான். கரூர்லயும் அதே கதை. திண்டுக்கல்லுல பஞ்சர் கடைக்காரன் ரோட்டுல நின்னு, போ போன்னு கையை ஆட்டுதான்! என்னை ஒருத்தனும் உக்கார விடலலே!"

அக்கா வாசலில் பலகையைப் போட்டார். கையில் எண்ணெய்க் கிண்ணம்.

"இந்தா, இப்ப உக்காருங்க."