கொடியேறிய நாளில் சுறா வறை

எங்கள் தாய்மார் சங்கம் எந்த நாளில் தொடங்கியது என்று கேட்டால், பொருளாளர், பதிவுப் பத்திரம் கைக்கு வந்த நாளைச் சொல்வார். வேறு சிலர், அதற்கு முந்திய தை மாதத்தில் என் வீட்டு விறாந்தையில் ஆறு பெண்கள் கூடித் தேநீர் குடித்த மாலையைச் சொல்வார்கள். நாள், கிழமை விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சங்கம் தொடங்கியது அந்தத் தைக்கு அடுத்த ஆனியில், எங்கள் அம்மன் கோயிலில் கொடியேறிய காலையில். தையில் தொடங்கியது வெறும் நல்லெண்ணம்.

அளவெட்டிக்குக் கிட்ட, வெங்காயமும் மரவள்ளியும் போடுகிற தோட்டக்கார ஊர் எங்களுடையது. பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில். ஒரு பெண் பிள்ளைபெற்று ஆசுபத்திரியிலிருந்து வந்தால், பத்தியக் கறி காய்ச்சித் தரவும் குழந்தையைக் குளிப்பாட்டவும் தாயோ தமக்கையோ பக்கத்தில் இருப்பதில்லை. அதற்காகத்தான் நாங்கள் கூடினோம். காலையில் இருவர் போவார்கள். ஒருத்தி சமைப்பாள், மற்றவள் குழந்தையைக் குளிப்பாட்டித் துணி தோய்ப்பாள். அந்த நேரம் முழுதும் தாய் நித்திரை கொள்ள வேண்டும் என்பதே எங்கள் ஒரே சட்டம். எனக்குப் பிள்ளைகள் இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியாது. யார் எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று ஒழுங்குபடுத்துவது என் வேலை. அது எனக்கு நன்றாகவே வரும்.

ஊர் வரலாறுகள் நிறைய வாசித்திருக்கிறேன். கோயில் கட்டியவர், குளம் வெட்டியவர், பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தவர் எல்லோரும் அவற்றில் இருப்பார்கள். பிள்ளைபெற்ற வீட்டுக்குச் சோறு கொண்டுபோனவளை மட்டும் காணக் கிடைக்காது. இதை நான் எழுதி வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த ஆனியில் எங்கள் பொறுப்பில் இருந்தது ஒரே வீடு. அந்தப் பெண்ணுக்கு முதல் பிள்ளை. வயிற்றைக் கீறி எடுத்தது. தாய் பிரான்சில், கணவன் கட்டாரில். வீட்டில் இருந்த மாமியாருக்கு முழங்கால் வருத்தம். கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் தூக்க முடியாது. நாங்கள் போகாவிட்டால், தையல் ஆறாத அந்தப் பெண்தான் தூக்க வேண்டும்.

கொடியேற்றத்துக்கு முதல்நாள் மாலை, எங்கள் பெண்கள் ஒவ்வொருவராக என் வாசற் படலையடிக்கு வந்தார்கள்.

"அக்கா, நாளையிலையிருந்து என்னாலை வரேலாது. துடக்கு வீட்டுக்குப் போட்டு எப்பிடிக் கோயிலுக்குப் போறது?"

பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தோராம் நாள் கழியும்வரை துடக்கு, அதாவது தீட்டு. திருவிழாவுக்கு விரதம் இருப்பவர்கள் அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். இது எனக்குத் தெரிந்ததுதான். ஒன்றிரண்டு பேராவது விரதம் பிடிக்காமல் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

"அம்மாளாச்சியும் பொம்பிளைதானே, கோவிக்க மாட்டா" என்றேன்.

"அவ கோவிக்க மாட்டா. என்ரை மாமி கோவிப்பா."

கடைசியாக வந்தவளும் போன பிறகு, காங்கேசன்துறைக்கு அருகே உள்ள ஒரு கடற்கரைக் கிராமத்துக்குப் போன் எடுத்தேன். அங்கே மாதர் சங்கத் தலைவியாக இருந்த பெண்ணைக் கிளினிக்கில் சந்தித்திருந்தேன். நான்கு பிள்ளைகளின் தாய். சிரித்தால் கூரை அதிரும். தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்க வேண்டும் என்று அன்று சொல்லியிருந்தார்.

"தங்கச்சி, நாளைக்கு எங்கடை ஊரிலை கொடியேறுது."

"ஓம், தெரியும். எங்களுக்கு ஆவணியிலை."

"அப்ப இப்ப உங்களுக்கு விரதம் ஒண்டும் இல்லையே?"

போனில் அந்தச் சிரிப்பு. "விளங்குது அக்கா. பிள்ளையைக் குளிப்பாட்ட ஆள் வேணும். விடிய வாறம்."

விடியப் பறைமேளமும் நாதஸ்வரமும் கோயிலடியில் கேட்டுக்கொண்டிருக்க, அவரும் அவருடைய மச்சாளும் பிள்ளைபெற்ற வீட்டு வாசலில் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். நான் படலையடியில் காத்து நின்றேன். கையில் மூடிய சட்டி. மாமியார் வாசற்படியில் கதிரை போட்டு இருந்தார்.

"நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். எங்கள் ஊரில் இந்தக் கேள்வி வழி விசாரிப்பதற்காகக் கேட்கப்படுவதில்லை.

"கடல் பக்கம், அம்மா. சட்டி மணத்திலையே தெரியேல்லையோ?"

"சட்டிக்குள்ளை என்ன?"

"சுறா வறை. உள்ளியும் மிளகும் போட்டது. பிள்ளைபெத்தவைக்கு நல்லது."

மாமியாரின் முகம் மாறியது. "கொடியேறுற நாளிலை மீன் மச்சமோ? ஊரே விரதம். உந்தச் சட்டியை ஓட்டோவுக்குள்ளையே வையுங்கோ."

மச்சத்தை மட்டும்தான் அவர் மறுக்கிறார் என்று நான் நம்பவில்லை. அந்தச் சட்டி திரும்பிப் போனால், கொண்டுவந்த கைகளும் திரும்பிப் போகும்; மறுநாள் அந்தப் பெண்தான் கிணற்றடிக்குப் போவாள். நான் வாய் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து மருமகளின் குரல் வந்தது.

"மாமி, எங்களுக்குத் துடக்கெண்டு நீங்கள்தானே சொன்னனியள்? கோயில் வாசலையும் பாக்கக் கூடாதெண்டு."

"ஓம், அதுக்கென்ன?"

"கோயில் எங்களுக்கு இல்லையெண்டால் விரதம் மட்டும் என்னெண்டு இருக்கும்? எனக்குப் பசிக்குது மாமி. அந்த அக்காவை உள்ளுக்கு விடுங்கோ."

மாமியார் என்னைப் பார்த்தார். பதில் என்னிடம் இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். நான் கோயில் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை ஒண்டு பெத்த உடனை வாய் நீண்டிட்டுது" என்று கதிரையை ஒரு பக்கமாக இழுத்தார். வழி கிடைத்தது.

குழந்தை குளித்தது. தாய் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டுவிட்டு, கொடியேற்ற வெடி கேட்டும் அசையாமல் நித்திரை கொண்டாள். தேரும் தீர்த்தமும் முடியும்வரை கடற்கரைப் பெண்கள் ஒரு நாளும் தவறவில்லை.

ஆவணியில் எங்கள் முறை வந்தது. கடற்கரைக் கிராமத்தில் கொடியேற, அங்கே ஒரு வீட்டில் பிள்ளை. எங்கள் பெண்களில் சிலருக்கு அப்போது திடீரென்று தலையிடியும் தோட்ட வேலையும் வந்தன. முதலில் கை உயர்த்தியவள் அந்த மருமகள்தான். பாரமான வேலை வேண்டாம், சமைத்தால் போதும் என்றேன். பால் கொடுத்துவிட்டுக் குழந்தையை மாமியாரின் மடியில் வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது மாமியார் கேட்ட முதல் கேள்வி:

"அங்கை தேத்தண்ணி குடிச்சனியோ?"

"இரண்டு தரம் மாமி. நல்ல சாயம்."

மறுநாள் அவளோடு இன்னும் இருவர் போனார்கள். தலையிடிகள் சுகமாகிவிட்டன.

இப்போது கொழும்புத்துறையிலும் ஒரு குழு இருக்கிறது. என் சுவர்க் கலண்டரில் மூன்று ஊர்த் திருவிழாக்களும் மூன்று நிறத்தில். ஓர் ஊரில் கொடி ஏறினால் மற்ற இரண்டு ஊர்களும் அங்கே போகும். எங்கள் ஒழுங்கு அவ்வளவுதான். இதுவரை ஒரு வீடும் விடுபடவில்லை.

போன ஆனிக் கொடியேற்றத்தன்று, எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஒரு புதுத் தாய். கடற்கரைப் பெண் மூடிய சட்டியோடு போனார். அந்த முதல் வீட்டு மாமியார் இம்முறை விரதம். விபூதி பூசிக்கொண்டு தன் வீட்டுப் படலையில் நின்றார்.

"கொடி இறங்கின அடுத்த நாள் எங்கடை வீட்டுக்கும் ஒரு சட்டி கொண்டு வா, பிள்ளை."

"அது பிள்ளைபெத்தவைக்குத்தான், அம்மா."

"அப்ப மருமகளுக்கு இரண்டாவது வருமட்டும் நான் காத்துக்கொண்டிருக்கிறதோ?"

சிரிப்பில் ஒழுங்கை அதிர்ந்தது. கொடி இறங்கிய மறுநாள் சட்டி வந்து சேர்ந்தது.