உறவுமுறை: கணவர்

போன வருஷம் ஜனவரியில், கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் ஏற்றுமதி அலுவலகத்தில் நடந்தது இது. மிளகு, ஏலக்காய் சாம்பிள்களைத் தரம் பார்த்து அனுப்புவது என் வேலை. ஜனவரி வந்தால் எங்கள் எல்லோருக்கும் வருமான வரிக் காய்ச்சல் வந்துவிடும். இன்சூரன்ஸ், வீட்டு வாடகை என்று ஆளாளுக்கு ரசீது தேடி ஓடுவோம்.

அந்த முறை என்னிடமும் புதிதாக ஒன்று இருந்தது. கல்விக் கடனுக்கு நான் கட்டிய வட்டி. பழைய வரி முறையில் இருப்பவர்கள் அதை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பாங்க் கொடுத்த வட்டிச் சான்றிதழைக் கணக்குப் பார்க்கும் சேட்டனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் அவரே கூப்பிட்டார்.

“சேச்சி, எல்லாம் ரெடி. மகளுக்கு நர்சிங் தானே? ஞான் எழுதிட்டேன். ஒப்பிட்டா மதி.”

கையெழுத்துப் போட்டால் போதுமாம். அவர் நீட்டிய படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் ‘மகள்’ என்று இருந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் கல்விக் கடன் என்றால் மகள், மகள் என்றால் நர்சிங். ஆனால் என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. படிப்பது என் கணவர்!

பஜாரில் அவர் நடத்திவந்த கடையை மூட வேண்டி வந்தது. நாற்பது தாண்டிய மனுஷன், சின்ன வயசு ஆசை என்று எறணாகுளத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். சம்பளம் எனக்குத்தான் என்பதால் கடனும் என் பேரில்தான். “பாஸ் பண்ற வரைக்கும் வெளியில சொல்லாதே. பொண்டாட்டி காசுல காலேஜ் போறான்னு சிரிப்பாங்க” என்று கேட்டுக்கொண்டார். அவர் எறணாகுளத்தில் வேலைக்குப் போவதாகத்தான் ஆபீஸில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, அவர் மானமும் பிழைக்கும். ஆனால் அது பொய். அதைவிட, அவர் படிக்கிற படிப்பை என் கையாலேயே இல்லையென்று ஆக்குவதுபோல் இருந்தது. சாயங்காலம் தருகிறேன் என்று சேட்டனிடம் சொல்லிவிட்டு வெளியே போய்க் கணவருக்குப் போன் செய்தேன்.

“உறவுல மகள்னு எழுதியிருக்காங்க. கணவர்னு மாத்தவா?”

“எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே” என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பொய்யில கையெழுத்துப் போட்டு எனக்கு ஒரு சலுகையும் வேண்டாம். வரியை முழுசாவே கட்டிக்கிறேன்” என்று போனை வைத்துவிட்டேன். அப்புறம் ஏலக்காயைத் தரம் பார்த்த லட்சணம் எனக்குத்தான் தெரியும்.

சாயங்காலம், அந்த வட்டியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல சேட்டன் மேஜைக்குப் போனேன். வாய் திறப்பதற்குள் வாசலில் என் கணவர். எறணாகுளத்திலிருந்து படகு பிடித்து நேராக வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், தோளில் பை, கழுத்தில் கல்லூரி அட்டை. ஊருக்குள் வரும்போது எப்போதும் சட்டைப்பைக்குள் போய்விடும் அட்டை அது!

“மகளில்ல சேட்டா. ஸ்டூடன்ட் ஞானாணு” என்றார். படிப்பது தான்தான் என்று எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

சேட்டன் அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வக்கீலா! இத்ர நாள் எந்தா சேச்சி பறயாஞ்ஞது?” என்று, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என என்னைத்தான் திட்டினார். யாரும் சிரிக்கவில்லை. சாயா வந்தது. அது ஆறுவதற்குள், பாக்கிங்கில் இருக்கும் ஒரு பெண் தன் வாடகை வீட்டு ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறார், கேஸ் போடலாமா என்று கேட்டாள். “நான் இன்னும் ரெண்டாம் வருஷம்தான்மா” என்று இவர் நெளிந்ததைப் பார்க்க வேண்டுமே!

சேட்டன் திருத்திப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். ‘கணவர்’ என்று இருந்த அந்தத் தாளில், கல்யாணப் பதிவேட்டில்கூடப் போடாத அழகில் ஒரு கையெழுத்துப் போட்டேன்.

அன்று மிச்சமான வரிப் பணம் எந்தச் செலவில் போனதோ தெரியாது. ஆனால் உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார் என்று யாராவது கேட்டால், “வக்கீலுக்குப் படிக்கிறார், நான்தான் படிக்க வைக்கிறேன்” என்று இன்று தலைநிமிர்ந்து சொல்கிறேன்; பக்கத்தில் நிற்கும் அவரும் தலை குனிவதில்லை.