தயிரில் ஊறிய மாப்பிள்ளைக் குடுமி

எங்கள் குப்பத்து ஆண்களுக்கு மலையளவு தைரியமும் முழத்தளவு குடுமியும் உண்டு. எனக்குக் குடுமியில் மட்டும் குறைவில்லை. ஆனால் அதைக் குடுமி என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். பார்த்தவர்களுக்கு அது கயிறு திரிக்க வைத்திருந்த தேங்காய் நார். வருஷம் முழுக்கக் கடல் உப்பிலும் வெயிலிலும் கிடந்த தலை. காற்றடித்தால் முடி அசையாது, சத்தம் மட்டும் போடும்.

இந்தத் தலையோடு எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் குப்பம் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல் திட்டில். பெண் ஏரிக்கு மேற்கே, ஆரம்பாக்கத்துப் பக்கம். அவர்களும் வலை போடுகிறவர்கள்தான், ஆனால் ஏரியில். கடலுக்குப் போகும் எங்களை அவர்கள் 'உப்புத்தலையன்' என்பார்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம். தாலி கட்டும் முன் பெண்ணின் அண்ணன்மார் மாப்பிள்ளையை மணையில் உட்கார வைத்து, ஊரே பார்க்கக் குடுமியை அவிழ்த்து, சீவிக் கட்டுவார்கள். சீப்பு சிக்காமல் இறங்கினால் மேளம், சிக்கினால் சிரிப்பு. எங்கள் குப்பத்திலிருந்து எனக்கு முன்னால் அங்கே போன மாப்பிள்ளையின் தலையில் சீப்பே இரண்டாக முறிந்தது. அவர் இப்போது பேரன் எடுத்துவிட்டார். அந்தக் கரையில் இன்றும் அவர் பெயர் 'முறிஞ்ச சீப்பு'தான்.

எனக்கு ஒரு மாதம் இருந்தது. யாரையும் கேட்காமல் நானே யோசித்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. படகுப் பலகை காய்ந்து வெடித்தால் என்ன செய்கிறோம்? சுறா எண்ணெய் பூசுகிறோம். தலைமுடி காய்ந்து வெடித்தால்? ஒரு கொட்டாங்கச்சி நிறைய எடுத்து அப்பிக்கொண்டேன். மூன்று நாள் குப்பத்துப் பூனையெல்லாம் எனக்குப் பின்னால் ஊர்வலம் வந்தன. நைனா என் பாயைத் தூக்கி வெளியே எறிந்தார். "எண்ணெ பூசினவன் படகாண்ட போய்ப் படு!"

அந்த வாரம் ஏரிக்கரையில் ஒல்லாந்து வெள்ளைக்காரர்களின் கோட்டைக்கு மீன் கொண்டு போனபோது அவர்கள் தலைவர் கப்பித்தானைப் பார்த்தேன். புழுக்கம் தாங்காமல் அவர் தன் முடியை முழுதாகக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மொட்டைத் தலைக்கு விசிறிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான் வெள்ளைக்காரனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவர் என் இடத்தில் இருந்தால், முடியை மச்சான் கையில் கொடுத்து, "சீவிட்டு அனுப்பு" என்று சொல்லியிருப்பார்.

எங்கள் மணல் திட்டில் மாடு கிடையாது. மேற்குக் கரையிலிருந்து ஒரு அக்கா படகில் தயிர்ப்பானை கொண்டுவந்து, கருவாட்டுக்கு மாற்றிப் போவாள். பெண்ணின் ஊர்க்காரி. அவள் என்னருகில் வந்ததும் மூக்கைப் பொத்தினாள்.

"இன்னா தம்பி, தலீல சுறா எதனா செத்துப்பூட்ச்சா?"

"எண்ணெக்கா. முடி காஞ்சிகீது."

"நீ இன்னா தோணியா, சுறா எண்ணெ பூசிக்க? புளிச்ச தயிரு பூசு. வேர்லேர்ந்து நுனி வரைக்கும். ஒரு நாழி துணி கட்டி வச்சிட்டு அலசு."

"தயிரு சோத்துக்கில்ல?"

"தலைக்குந்தான். உனுக்குத் தலைக்கு உள்ளேயும் கொஞ்சம் வேணும்."

"அக்கா, உங்க ஊர்ல சொல்லிடாதே."

"நானா? சேச்சே!" என்று சிரித்தபடி பானையைத் தூக்கினாள். அந்தச் சிரிப்பிலேயே என் மானம் ஏரியைத் தாண்டிவிட்டது.

சொன்னபடி பூசினேன், கட்டினேன். அலசுவதற்கு, பிறந்தது முதல் உள்ள பழக்கம், நேராகப் போய்க் கடலில் முங்கினேன். வெயிலில் காய்ந்ததும் தயிரும் உப்பும் சேர்ந்து தலை கருவாடாகிவிட்டது. தட்டினால் டொக்கென்றது.

"கடல்லயா அலசினே?" அடுத்த முறை வந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நல்ல தண்ணீல அலசுய்யா!"

மணல் திட்டில் நல்ல தண்ணீர் தங்கம். "குடிக்கவே தண்ணி இல்ல, இவனுக்கு அபிசேகமா?" என்று அம்மா குடத்தை ஒளித்து வைத்தாள். நானே மணலைத் தோண்டி, ஊறிய தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு அலசினேன். மூன்று நாளைக்கு ஒரு தடவை. முதல் இரண்டு தடவை ஒன்றுமில்லை. ஐந்தாம் தடவை முடிக்குள் விட்ட விரல் முழுதாக வெளியே வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து குடம் வெளியே வந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அக்கா ஒரு சின்னச் சட்டியை நீட்டினாள். "இது என் வூட்டுத் தயிரில்ல. கேள்வி கேக்காம பூசு." அதில் வெந்தயம் அரைத்துக் கலந்திருந்தது.

மணையில் உட்கார்ந்தேன். மூத்த மச்சான் மடியிலிருந்து எடுத்தது மரச்சீப்பு இல்லை, பேன் சீப்பு. ஊர் அப்போதே சிரிக்கத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன். சீப்பு உச்சியிலிருந்து இறங்கியது. நுனிவரை போய்க் காற்றில் வந்தது. மச்சானுக்கு நம்பிக்கை இல்லை, இன்னொரு தரம் இழுத்தார்.

"இன்னாடா இது, கடல்காரன் தலயா, பட்டா?"

மேளம் கொட்டியது. வலை நிறைய மீன் ஏறியதுபோல என் குப்பத்தார் கூச்சலிட்டார்கள். 'முறிஞ்ச சீப்பு' எழுந்து நின்று துண்டைச் சுற்றினார். என் நெஞ்சு விரிந்த விரிப்பில் மாலை அறுந்திருக்கும்.

பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த மணப்பெண் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்: "வெந்தயம் நான் அரச்சது."

"ஏன்?"

"உன்ன முறிஞ்ச சீப்புன்னா, என்ன இன்னான்னு கூப்டுவாங்க?"

தாலி கட்டும்போது முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தேன். குடுமிப் பெருமை என்று குப்பம் நினைத்துக்கொண்டது. இன்றுவரை நான் திருத்தவில்லை.